அளவையாகுபெயரும் பசுமைக் கணக்கும்: நாட்டு வளர்ச்சியை அளத்தல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு நாடு முன்னேறுகிறது என்பதை எதனைக் கொண்டு அறிவது என்னும் வினா பொருளியலாருக்கு மட்டும் உரியதன்று. அளத்தல் என்பது அறிதலின் ஒரு முறை. அறிதல் முறை எதுவாயினும் அது மெய்யியல் ஆய்வுக்கு உட்பட்டதாகும். அளந்து கண்டதன் அடிப்படையில் ஒன்றைக் காத்தலும் மற்றொன்றை இழத்தலும் நிகழ்வதால் அஃது அறவியலுக்கும் உரியதாகிறது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, மாந்தர் நல்வாழ்வையும் சமூக நேர்மையையும் உயர்த்திச் சூழலியல் இடர்களையும் இயற்கை வளப் பற்றாக்குறையையும் கணிசமாகக் குறைப்பதே பசுமைப் பொருளாதாரம் என வரையறுத்தது. நல்வாழ்வு, நேர்மை, இடர், பற்றாக்குறை ஆகிய நான்கும் எண்ணால் நேரே தொடக்கூடியவை அல்ல. ஆயினும் அரசுகள் தம் முன்னேற்றத்தை எண்ணாலேயே அறிவிக்க வேண்டியுள்ளது. எனவே ஒவ்வொன்றுக்கும் பதிலியாக ஓர் அளவு நிறுத்தப்படுகிறது. காட்டுக்குப் பதிலாகப் பரப்பளவு, தூய காற்றுக்குப் பதிலாக உமிழ்வின் செறிவு, இழந்த மலைக்குப் பதிலாக ரூபாய் என இப்பதிலிகள் அமைகின்றன.

அளவின் பெயர் பொருளுக்குப் பெயராகி வருதலைத் தமிழ் இலக்கணம் அளவையாகுபெயர் என வழங்கும். நாட்டுக் கணக்கின் எண்கள் யாவும் இவ்வகை ஆகுபெயர்களே என்றும், அவை ஆகுபெயர்கள் என்பது மறக்கப்படும் இடத்திலேயே அறப்பிழை தோன்றுகிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. இந்தியாவின் பசுமைக் கணக்கு முயற்சிகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

ஆகுபெயரின் நிபந்தனைகள்

தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஆகுபெயரின் வகைகளைக் கூறியபின், அளவுப்பெயரும் நிறைப்பெயரும் அவ்வாறு வருதல் உண்டு என இணைத்துக்கொள்கிறார். பிற்கால இலக்கண மரபு அளவையாகுபெயரை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகையாகப் பகுத்தது. ‘இரண்டு கிலோ கொடுங்கள்’ என்று கடையில் கேட்பவர் எடையைக் கேட்கவில்லை, அரிசியையோ பருப்பையோ கேட்கிறார். சொல்லில் பொருள் இல்லை, அளவு மட்டுமே உள்ளது. ஆனால் கேட்பவர், கொடுப்பவர் ஆகிய இருவர் உள்ளத்திலும் பொருள் இருக்கிறது.

ஆகுபெயர் பிழையின்றி இயங்க மூன்று நிபந்தனைகள் தேவை எனலாம். முதலாவது இயைபு: பெயருக்கும் அது சுட்டும் பொருளுக்கும் உறவு இருத்தல் வேண்டும். தன் பொருளினின்றும் நீங்காது அதனோடு ஒற்றுமையுடையதைச் சுட்டுதலும், அத்தகைய பொருத்தமின்றிப் பிறிதொன்றைச் சுட்டுதலும் என ஆகுபெயரின் இருநிலைகளைத் தொல்காப்பியம் வேறுபடுத்தியுள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது. இரண்டாவது வழக்கு: நெடுங்காலமாக மக்கள் அவ்வாறு வழங்கி வந்திருத்தல் வேண்டும். நன்னூலார் ஆகுபெயரின் இலக்கணத்திலேயே இதனை வைத்துள்ளார். மூன்றாவது இவ்விரண்டினின்றும் நாம் வருவித்துக்கொள்வது: உரைப்போனும் கேட்போனும் மறைந்து நிற்கும் பொருளை ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

எண்ணலளவைக்குப் பாடநூல்கள் காட்டும் ‘நாலும் இரண்டும்’ என்னும் வழக்கை எடுத்துக்கொள்வோம். நாலு என்பது நாலடியாரையும் இரண்டு என்பது திருக்குறளையும் குறிக்கும் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். அந்நூல்களை அறியாத ஒருவர் அவற்றைக் கூட்டி ஆறு என்று விடை கூறக்கூடும். அவருடைய கூட்டலில் பிழை இல்லை. கூட்டப்பட்டவை நூல்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. நாட்டுக் கணக்கில் நிகழும் பிழையும் பெரும்பாலும் இத்தகையதே என்பது பின்வரும் சான்றுகளால் புலப்படும்.

நாட்டு வருமானம்: ஓர் அளவின் வரலாறு

இந்தியாவின் நாட்டு வருமானத்தை முதன்முதலாகக் கணக்கிட்டவர் தாதாபாய் நௌரோஜி. 1876இல் அவர் படித்த இந்திய வறுமை பற்றிய கட்டுரை, 1867–70 காலப்பகுதியின் தரவுகளைக் கொண்டு தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 ரூபாய் என மதிப்பிட்டது. அவர் அவ்வெண்ணைத் தனியே நிறுத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சிறைக் கைதி ஒருவரின் உணவுக்கும் உடைக்கும் அரசு செலவிட்ட தொகையை அதனருகில் வைத்தார். குற்றவாளிக்குக் கிடைக்கும் அளவுகூட உழவனுக்குக் கிடைக்கவில்லை என்பது அந்த ஒப்பீட்டால் வெளிப்பட்டது. அங்கு எண் ஓர் அறக் குற்றச்சாட்டாக இயங்கியது. அதன் பின்னால் பசித்த வயிறு மறையாது நின்றது.

1934இல் அமெரிக்க மேலவைக்கு நாட்டு வருமான அறிக்கை அளித்த சைமன் குஸ்நெட்சு, ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமான அளவிலிருந்து உய்த்துணர்தல் அரிது என அவ்வறிக்கையிலேயே எச்சரித்திருந்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் 1949இல் பி.சி. மகலனோபிஸ் தலைமையில், டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோரை உறுப்பினராகக் கொண்டு தேசிய வருமானக் குழு அமைக்கப்பட்டது. இவ்வளவை உருவாக்கியோர் அதன் எல்லையை அறிந்தவர்களாகவே இருந்தனர். பின்வந்த பொதுப் பேச்சில் அவ்வெல்லை நழுவியது. ‘வளர்ச்சி’ என்ற சொல் எவ்வகை அடையுமின்றி மொத்த உள்நாட்டு உற்பத்தியின் உயர்வை மட்டும் குறிப்பதாயிற்று.

இவ்வளவின் உள்ளமைப்பில் உள்ள ஒரு முரண் இங்குச் சுட்டத்தக்கது. சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது எடுக்கப்படும்போது அதன் மதிப்பு உற்பத்தியில் சேர்க்கப்படுகிறது. மொத்த உற்பத்தியிலிருந்து தேய்மானத்தைக் கழித்து நிகர உற்பத்தி காணப்படும்போது, தாதுவைத் தோண்டிய எந்திரத்தின் தேய்மானம் கழிக்கப்படுகிறது. தோண்டப்பட்ட மலையின் தேய்வு கழிக்கப்படுவதில்லை. எந்திரம் மீண்டும் செய்யக்கூடியது, மலை அவ்வாறன்று. மீளக்கூடியதன் இழப்பைக் கணக்கிலெழுதி, மீளாததன் இழப்பை வருமானமாக எழுதும் முறை எண்பது ஆண்டுகளாக உலகெங்கும் வழங்கி வந்துள்ளது. கருநாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் சுரங்கப் பணியை உச்சநீதிமன்றம் 2011இல் நிறுத்திவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்குள்ள குன்றுகள் குறையக் குறைய வருமானக் கணக்கு கூடிக்கொண்டே சென்றது என்பது இம்முறையின் நேர்விளைவாகும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1945இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய தம் ஆங்கில நூலில் இதனைத் தெளிவுறக் கண்டிருந்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற தேங்கிய இருப்பை எடுத்து வாழ்தலையும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஓட்டத்தில் வாழ்தலையும் அவர் வேறுபடுத்தினார். இருப்பைச் செலவிடுதலை வருமானம் என அழைக்கலாகாது என்னும் முடிவு அவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. பசுமைக் கணக்கு இன்று செய்ய முயல்வதும் இதுவே.

இந்தியாவின் பசுமைக் கணக்கு முயற்சிகள்

2009ஆம் ஆண்டு அப்போதைய சுற்றுச்சூழல் துறை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், சூழல் இழப்பைக் கழித்துக் காணும் பசுமை உள்நாட்டு உற்பத்தியை இந்தியா சில ஆண்டுகளில் வெளியிடும் என அறிவித்தார். 2011இல் பொருளியலறிஞர் பார்த்த தாஸ்குப்தா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2013இல் வெளியானது. ஓராண்டின் வருமானத்தைத் திருத்துவதைக் காட்டிலும், நாட்டின் முழுச் செல்வத்தையும் கணக்கிட வேண்டும் என்பது அக்குழுவின் அடிப்படைக் கருத்து. கட்டடம், எந்திரம் முதலிய ஆக்கப்பட்ட மூலதனம், கல்வியும் உடல்நலமும் சார்ந்த மாந்த மூலதனம், நிலம், நீர், காடு ஆகிய இயற்கை மூலதனம் என்னும் மூன்றும் தலைக்கு எவ்வளவு உள்ளன, அவை அடுத்த தலைமுறைக்குக் குறையாது செல்கின்றனவா என்பதே முன்னேற்றத்தின் அளவாக அங்கு முன்வைக்கப்பட்டது.

2018 முதல் மைய அரசின் புள்ளியியல் அமைச்சகம் ‘என்விஸ்டாட்ஸ் இந்தியா’ என்னும் வெளியீட்டின் வழியே நிலம், காடு, நீர், கனிமம் முதலியவற்றுக்கான கணக்குகளை வெளியிட்டு வருகிறது. 2024இல் உத்தராகண்ட மாநிலம் நீர், காற்று, மண், காடு ஆகிய நான்கையும் அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண் ஒன்றை வெளியிட்டது. உலகளவில் 2012இலும் 2021இலும் சுற்றுச்சூழல் கணக்கு முறைகள் ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தால் ஏற்கப்பட்டன. 2025 மார்ச்சில் அவ்வாணையம் ஏற்ற புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளக் குறைவை உற்பத்திச் செலவாகக் கொள்ள வழிசெய்கிறது. மேலே சுட்டிய எந்திரமும் மலையும் பற்றிய முரண் இவ்வகையில் திருத்தம் பெறத் தொடங்கியுள்ளது.

இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. மறைந்த பொருளை மீண்டும் நினைவூட்டும் முயற்சிகள் இவை. ஆயினும் புதிய அளவுகளும் அளவுகளே ஆதலின், அவையும் ஆகுபெயரின் நிபந்தனைகளுக்கு உட்பட்டே ஆராயப்படல் வேண்டும். காட்டுக் கணக்கு, விலைக் கணக்கு, விகிதக் கணக்கு என்னும் மூன்றைக் கொண்டு அவ்வாய்வை நிகழ்த்தலாம்.

காடு என்னும் சொல்

இந்திய வன நில அளவை நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை 2024 டிசம்பரில் வெளியானது. அதன்படி நாட்டின் காட்டுப் பரப்பு 21.76 விழுக்காடு, காட்டுக்கு வெளியே உள்ள மரப் பரப்பையும் சேர்த்தால் 25.17 விழுக்காடு. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மூன்றில் ஒரு பங்கை இலக்காகக் கொண்டமையால், இவ்வெண்ணின் ஏற்றம் பசுமை முன்னேற்றமாகக் கருதப்படுகிறது.

இங்குக் காடு என்பதன் பொருள் யாது? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகையின் அடர்த்தி 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பின், நிலத்தின் உரிமையையும் சட்டநிலையையும் மரத்தின் இனத்தையும் கருதாது அது காடு எனக் கொள்ளப்படுகிறது. பழத்தோட்டமும் மூங்கில் தோப்பும் பனை, தென்னை நின்ற நிலமும் இவ்வரையறைக்குள் அடங்கும். செயற்கைக்கோள் மேலிருந்து காணும் முறைக்கு இவ்வரையறை பொருந்தியது. ஆனால் மரத்தின் கீழே வாழ்வனவற்றை இவ்வரையறை அறியாது.

நீலகிரியின் மேட்டுநிலச் சூழல் சோலையும் புல்வெளியும் விரவியது. அப்புல்வெளிகள் தொதவர் தம் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலமாகவும், மழைநீரை ஏற்று ஓடைகளுக்கு மெல்ல விடுப்பனவாகவும் இருந்தன. காலனிய ஆட்சியிலும் பின்னரும் அவற்றின் பெரும்பகுதியில் தைலமரமும் சீகை மரமும் நடப்பட்டன. மேற்கூறிய வரையறையின்படி புல்வெளி காடன்று. தைலமரத் தோப்பு காடாகும். ஆகவே புல்வெளி அழிந்து தோப்பு எழும்போது நாட்டின் பசுமை எண் உயரும். பெயருக்கும் பொருளுக்கும் இடையே இருக்க வேண்டிய இயைபு இங்கு அறுபடுகிறது. தொல்காப்பியம் வேறுபடுத்திய இருநிலைகளுள், ஒற்றுமையுடையதைச் சுட்டும் நிலையிலிருந்து பொருத்தமற்ற பிறிதொன்றைச் சுட்டும் நிலைக்கு இவ்வளவு வழுவிவிடுகிறது.

தமிழ் நிகண்டுகள் காட்டுக்குப் பல பெயர்களைத் தொகுத்துள்ளன. அவற்றுள் மிளை என்பது காவற்காட்டையும் இறும்பு என்பது குறுங்காட்டையும் பொழில் என்பது சோலையையும் சுட்டும். இவை வெறும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொரு பெயரும் மாந்தர்க்கும் அவ்விடத்துக்கும் உள்ள ஓர் உறவைக் குறிக்கிறது. காட்டின் பொருளைத் தேடி உச்சநீதிமன்றமே அகராதியை நாடிய நிகழ்வும் உண்டு. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்கத் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று வழங்கிய ஆணையில், காடு என்பதை அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என அந்நீதிமன்றம் கூறியது. 2023ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அப்பொருளைச் சுருக்கியபோது, 2024 பிப்ரவரியில் பிறப்பித்த இடைக்கால ஆணையால் அகராதிப் பொருளையே தொடருமாறு நீதிமன்றம் பணித்தது. ஒரு சொல்லின் பொருள் எல்லை சுருங்கினால் எத்தனையோ ஹெக்டேர் நிலம் காப்பினின்றும் நீங்கும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. சொற்பொருள் ஆய்வு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று.

விலையும் ஈடும்

காட்டு நிலம் வேறு பயனுக்கு மாற்றப்படும்போது அதன் நிகர நிகழ்கால மதிப்பைச் செலுத்த வேண்டும் என்னும் நெறி 2002இல் உச்சநீதிமன்ற ஆணையால் நடைமுறைக்கு வந்தது. பொருளியலறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின், 2008இல் காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை விகிதங்கள் உறுதி செய்யப்பட்டன. 2022இல் இவை உயர்த்தப்பட்டு, மிக உயர்ந்த விகிதம் ஏறத்தாழ 15.95 லட்சம் ஆயிற்று. இவ்வகையில் திரண்ட நிதியைக் கையாள 2016இல் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் 47,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

2008ஆம் ஆண்டின் பட்டியலில் மிகக் குறைந்த விலை பெற்றவை முட்காடுகளும் உலர் பசுமைமாறாக் காடுகளும் ஆகும். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி எஞ்சியுள்ள கோயிற்காடுகள் பல இவ்வுலர் பசுமைமாறா வகையைச் சார்ந்தவை. தெய்வத்தின் பெயரால் கிளை ஒடிக்காது காக்கப்பட்ட இடமும் பட்டியலின் கடைசி வரிசையில் அமைவதற்கு இவ்வகைப்பாடு இடம்தருகிறது. பட்டியல் இட்டவர்களின் உள்ளத்தில் இகழ்ச்சி ஏதும் இல்லை. காத்தலுக்குக் காரணமான மதிப்பு, அவர்கள் கையாண்ட அளவையில் பதியும் தன்மையுடையதன்று.

நிகழ்கால மதிப்பு என்னும் கருத்திலேயே மற்றோர் அறச்சிக்கல் அடங்கியுள்ளது. வருங்காலப் பயனை இன்றைய தொகையாக மாற்ற ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு எனத் தள்ளுபடி செய்வர். 5 விழுக்காடு தள்ளுபடியில், நூறு ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் 100 ரூபாய்ப் பயனின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 76 காசு. பேரனின் பேரன் பருகப்போகும் நீர் இக்கணக்கில் ஏறக்குறைய இல்லாததாகிறது. வட்டி ஈட்டும் பணத்துக்குப் பொருந்தும் இம்முறை, இன்னும் பிறவாதவரின் தாகத்துக்குப் பொருந்துமா என்பது கணிதத்தால் விடைகாண இயலாத வினாவாகும்.

விலை இட்டபின் ஈடு பிறக்கிறது. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுக்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலத்தைத் திருப்பிவிட 2022 அக்டோபரில் கொள்கையளவிலான ஒப்புதல் வழங்கப்பட்டது. அதற்கு ஈடாகக் காடு வளர்க்கத் திட்டமிடப்பட்ட இடம் அரியானா மாநிலம் ஆகும். வெப்பமண்டலத் தீவின் மழைக்காட்டையும் வறண்ட வடமேற்கின் நிலத்தையும் ஹெக்டேர் என்னும் ஒரே அளவு இணைத்துவிடுகிறது. ஷோம்பென் மக்களின் வாழ்விடம், அங்கு மட்டுமே காணப்படும் உயிரினங்கள் ஆகியன அவ்வளவில் இடம்பெறவில்லை. இங்கு நிகழ்வது ‘நாலும் இரண்டும்’ ஆறு எனக் கூட்டப்படும் நிகழ்வே ஆகும்.

திருக்குறளின் ‘நாடு’ என்னும் அதிகாரம் நீரையும் மலையையும் அரணையும் நாட்டின் உறுப்புகளாகக் கொள்கிறது. உறுப்பு, உடைமை என்னும் இருசொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு இவ்விடத்தில் பயன்தரும். உடைமையை விற்று வேறோர் உடைமையைப் பெறலாம். உறுப்பை இழந்தவருக்கு இழப்பீடு வழங்கலாம், வழங்கவும் வேண்டும். ஆயினும் இழப்பீடு பெற்றமையால் அவ்வுறுப்பு மீண்டுவிட்டதாக எவரும் கருதுவதில்லை. பசுமைக் கணக்கு இயற்கையை மூலதனம் என அழைக்கும்போது உடைமை என்னும் கருத்தே முன்னிற்கிறது. உறுப்பு என்னும் கருத்து பின்னடைகிறது.

விகிதம் காட்டுவதும் மறைப்பதும்

பருவநிலை உடன்பாட்டின் கீழ் இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியின் உமிழ்வுச் செறிவை, 2005ஆம் ஆண்டின் நிலையிலிருந்து 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக உறுதியளித்துள்ளது. 2005 முதல் 2020 வரை இச்செறிவு 36 விழுக்காடு குறைந்ததாக அரசு அறிக்கை அளித்துள்ளது. இஃது உண்மையான முன்னேற்றமே. அதே காலத்தில் மொத்த உமிழ்வு உயர்ந்துள்ளது என்பதும் உண்மையே. செறிவு என்பது விகிதம். பகுதி வளர்வதைவிடத் தொகுதி மெல்ல வளர்ந்தால் விகிதம் குறையும். வறுமை நீங்க வேண்டிய ஒரு நாட்டுக்கு விகித இலக்கு நேர்மையானது என வாதிடலாம். தலைக்கு உமிழ்வு குறைந்த நாடு என்னும் வகையில் அவ்வாதம் வலுவுடையதாகும். வளிமண்டலம் விகிதத்தை அறியாது என்பதையும் உடன்வைத்தே அவ்வாதம் கூறப்படல் வேண்டும்.

இதுபோன்றே, 2025 சூன் மாத நிலையில் நாட்டின் மின்நிலையங்களின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராதது என்னும் நிலை எட்டப்பட்டது. 2030க்கு வைத்த இலக்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே நிறைவேறியது. ஆயினும் நிறுவுதிறன் வேறு, விளைந்த மின்சாரம் வேறு. 2024–25இல் விளைந்த மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரி முதலிய புதைபடிவ எரிபொருளிலிருந்தே கிடைத்தது. முகத்தலளவையில் படி என்பது கலத்தையும் குறிக்கும், அதில் நிறைந்த நெல்லையும் குறிக்கும். கலத்தைக் காட்டி நெல் என்று கூறுவோர் பொய் கூறினர் எனல் இயலாது. கேட்போர் மயங்க இடமளித்தனர் எனலாம்.

ஓர் எதிர்வாதமும் அதன் வலிமையும்

மேற்கூறியவற்றைக் கொண்டு அளத்தலையே கைவிட வேண்டும் என வாதிடுதல் பொருந்தாது. பசுமைக் கணக்கை முன்னெடுத்தோர் கூறும் மறுப்பு வலிமை வாய்ந்தது: விலையிடப்படாத பொருள் திட்டக் கோப்புகளில் விலைமதிப்பற்றதாக நிற்பதில்லை, சுழியமாகவே நிற்கிறது. 2002க்கு முன் காட்டு நிலத்தைப் பெற்றோர் ஈட்டு மரநடவின் செலவு முதலியவற்றை மட்டுமே ஏற்றனர். காடு அளித்த நீர், மண்காப்பு, உயிர்வளம் ஆகியவற்றுக்கு எத்தொகையும் செலுத்தவில்லை. விலை குறைவாயினும் அது சுழியத்தைவிட மேலானது என்பது மறுக்கவியலாதது. அளவின்றேல் நௌரோஜியின் குற்றச்சாட்டும் இல்லை.

எனவே அளப்பதா, அளவாதிருப்பதா என்பது வினாவன்று. தமிழில் ‘மதித்தல்’ என்னும் சொல் அளவிடுதலையும் போற்றுதலையும் ஒருங்கே உணர்த்துகிறது. ஒன்றின் அளவை அறிதலும் அதன் பெருமையை அறிதலும் ஒரே செயலின் இருபக்கங்கள் என்னும் உணர்வு அச்சொல்லாட்சியில் உறைகிறது. இவ்விரண்டும் பிரிந்து, அளவிடுதல் மட்டும் எஞ்சும் நிலையே ஆய்வுக்குரிய சிக்கல். அவ்விரண்டையும் மீண்டும் இணைக்கும் வழி யாது என்பதற்கு நியமகிரி நிகழ்வு ஒரு விடை தருகிறது.

நியமகிரி: கேட்போனும் பேசிய நிகழ்வு

ஒடிசாவின் இராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் பரவியுள்ள நியமகிரி மலையில் 7 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பாக்சைட் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அதனை எடுக்க முன்வந்த திட்டத்தை அங்கு வாழும் டோங்ரியா கோந்து மக்கள் எதிர்த்தனர். அம்மலை அவர்கள் வழிபடும் நியமராஜாவின் இருப்பிடம் ஆகும். 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், சுரங்கம் அம்மக்களின் வழிபாட்டு உரிமையையும் பிற உரிமைகளையும் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூற வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு அடிப்படையாயிற்று. அவ்வாண்டு சூலை, ஆகஸ்டு மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை ஏற்க மறுத்தன. 2014 சனவரியில் மைய அரசு திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

தாஸ்குப்தா குழுவின் அறிக்கை வெளிவந்ததும் நியமகிரித் தீர்ப்பு வழங்கப்பட்டதும் ஒரே ஆண்டில் என்பது கருதத்தக்கது. ஒன்று அளவைத் திருத்த முயன்றது. மற்றொன்று அளவு யாரிடம் பேசப்பட வேண்டும் என்பதை வரையறுத்தது. நாம் வருவித்துக்கொண்ட மூன்றாம் நிபந்தனை இங்கு நிறைவேறியது. டன் என்னும் அளவு சுட்டிய பொருள் மலையா, மலையின் ஒரு பகுதியான தாதுவா என்பதைக் கேட்போரே எடுத்துரைத்தனர்.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதை பல சமயத்தாரைச் சமயக்கணக்கர் எனக் குறிக்கிறது. அங்கு அளவை என்பது அறிதற் கருவியைக் குறிக்கும். அவ்வளவைகளை ஆசிரியர் ஒருவர் பத்தெனவும் ஒருவர் எட்டெனவும் ஒருவர் ஆறெனவும் கொண்டமை அக்காதையில் பேசப்படுகிறது. அளவைகளின் எண்ணிக்கையில் வேறுபடுவோரும் காட்சியை முதலாவதாகக் கொள்வர். கருதல் அதனைப் பின்பற்றி வருவது. செயற்கைக்கோள் படத்திலிருந்து காட்டையும், தாதுவின் எடையிலிருந்து நாட்டின் செல்வத்தையும் அறிதல் கருதலளவை. மலையில் வாழ்வோரின் அறிவு காட்சியளவை. கருதல் காட்சியோடு முரணுமிடத்துக் கருதலையே மறுஆய்வு செய்தல் அளவையியலின் முறை. நாட்டுக் கணக்கில் இம்முறை தலைகீழாகியுள்ளது. கணக்கோடு முரணும் காட்சியே உணர்ச்சிவயப்பட்டது எனத் தள்ளப்படுகிறது.

கிராம சபைகளின் முடிவும் தவறக்கூடும் என்பது உண்மை. வேறோர் இடத்தில் வேறொரு சபை வேலைவாய்ப்பைக் கருதிச் சுரங்கத்தை ஏற்கலாம். ஏற்கும் உரிமையும் அதற்கு உண்டு. அவ்வாறு ஏற்கும்போது அவர்கள் இழப்பது இன்னது என அறிந்தே இழக்கின்றனர். அறியாதவரின் பொருளை அறியாமலேயே மாற்றிவிடும் கணக்கிலிருந்து அஃது அறத்தால் வேறுபட்டது.

முடிவுரை

பசுமைப் பொருளாதாரத்தை நோக்கிய நாட்டின் முன்னேற்றத்தை அளக்கும் எண்கள் யாவும் அளவையாகுபெயர்கள் என்பதும், ஆகுபெயருக்குரிய இயைபு, வழக்கு, உரைப்போன்–கேட்போன் ஒருமை ஆகிய மூன்றையும் கொண்டு அவற்றைச் சோதிக்கலாம் என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. காட்டுப் பரப்பின் அளவு இயைபில் வழுவுகிறது. நிகழ்கால மதிப்பு, பணத்துக்குரிய வழக்கைப் பிறவாத தலைமுறைக்குப் பொருத்துகிறது. ஈட்டு முறையும் விகித முறையும் கேட்போருக்குப் பொருளை மறைக்கின்றன. 2011க்குப் பின் இந்தியாவிலும் உலகளவிலும் நிகழ்ந்துள்ள கணக்குத் திருத்தங்கள் இவ்வழுக்களுள் சிலவற்றைக் களைகின்றன; ஆயினும் மூன்றாம் நிபந்தனையைக் கணக்கியலால் மட்டும் நிறைவேற்றல் இயலாது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு நெறியைப் பெறலாம். நௌரோஜி 20 ரூபாயின் அருகில் சிறைக் கைதியின் உணவை வைத்ததுபோல, ஒவ்வொரு பசுமை எண்ணின் அருகிலும் அது சுட்டும் பொருளின் நிலையும், அப்பொருளோடு வாழ்வோரின் கூற்றும் வைக்கப்படல் வேண்டும். காட்டுப் பரப்பு உயர்ந்தது எனக் கூறும் பக்கத்திலேயே எத்தகைய காடு, எதன் இடத்தில் எழுந்தது, அங்கு வாழ்ந்தோர் யாது கூறுகின்றனர் என்பனவும் இடம்பெறுதல் வேண்டும். இப்பணியில் சொற்பொருள் ஆய்வாளருக்கும் இடம் உண்டு. எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு ஆகி வந்தது, அவ்வாறு வந்தபோது எது விடுபட்டது எனக் காணுதல் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலமாகப் பயிற்றுவித்து வந்த கல்வியாகும். அக்கல்வியை நாட்டுக் கணக்கின் பக்கங்களுக்கும் கொண்டு செல்லுதல் இன்றைய தேவையாகும்.